தொண்ணூறாம் நம்பர் ஆயில்

மேல் நட்டுதான் முதலில். அது கழன்று வந்தால்தான் கீழ் நட்டில் கை வைக்க வேண்டும். பவுன்தாய்க்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் புங்கமரத்தடியில் நின்ற ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்ததுமே வாய் அதைத்தான் முணுமுணுத்தது. மேல் நட்டு, மேல் நட்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் காசிமாயன், பெரிய டிரைவர், போடிமெட்டு ரோட்டின் அத்தனை வளைவும் அத்துப்படியான மனுஷன், இதே இடத்தில் இதே மாதிரி படுத்துக் கீழ் நட்டை முதலில் கழற்றிப் பழைய எண்ணெயை மொத்தமாக வடித்துவிட்டார். அப்புறம் புது எண்ணெய் ஊற்றலாம் என்று மேல் நட்டைத் திருகினால் அது துருவேறி, அசைவேனா என்கிறது. உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை, ஊற்றவும் வழி இல்லை. ரெண்டு நாள் ஜீப்பு வாசலில் நின்றது, ரெண்டு நாளும் மனுஷன் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏதோ மற்றவர்கள் கழற்றினது மாதிரி. அந்த நட்டு இன்றைக்கும் மல்லுக்கு நிற்கும் என்று எதிர்பார்த்துத்தான் பவுன்தாய் ஸ்பேனரைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரு இழுப்பு இழுத்தாள். ஒரே இழுப்பில் இளகிவிட்டது. அட, என்ன இது. சித்திரையில் அவள்தானே ஏறி மிதிக்காத குறையாக இறுக்கினாள். சரி, கைக்கு வலு கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நாற்பத்தாறு வயசில் வலு கூடுகிற பொம்பளை இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்.

ஜீப்பின் பின்னச்சுக்கு நடுவில் பூசணிக்காய் கணக்காக ஒரு இரும்பு உருண்டை தொங்கும். அதற்குள்தான் எஞ்சினின் சுழற்சியை ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் பங்கு வைக்கிற பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். மெக்கானிக்குகள் அதைக் கிரவுன் என்பார்கள், அதனால் பவுன்தாயும் கிரவுன் என்பாள். வியாழக்கிழமை ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிற மண்பாதையில் ஓடை பெருகி அச்சு முங்கத் தண்ணீர் ஓடியது. பின்னால் பதினோரு பொம்பளைகள் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்த, முதல் கியரில் போட்டு இறங்கி ஏறிவிட்டாள். ஓடையில் அச்சு முங்கினால் தண்ணீர் கிரவுனுக்குள் போய் எண்ணெய் கெட்டுப்போகும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிட வேண்டும். அந்த வீட்டுச் சட்டம் அது, சட்டம் போட்டவரும் காசிமாயன்தான். அதே காசிமாயன் இன்றைக்குக் காலையிலிருந்து கட்டிலில் உட்கார்ந்தபடி, தொடாத பவுனு, இன்னைக்கு அதத் தொடாத, என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் தொடக்கூடாதாம். நாலு மணிக்குக் கம்பத்திலிருந்து ஒரு ராவுத்தர் ஜீப்பை வாங்க வருகிறாராம். வருகிறவர் பார்த்துக்கொள்வாராம். காசிமாயனும் அவர் தம்பி தவசியும் பேசி முடித்த ஏற்பாடு அது. தவசி மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறான், ஊரில் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் நடுவில் போய் நிற்பான். ஆர்.சி. புத்தகம் காசிமாயன் பேரில் இருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான். மூணு வருஷமாக ஸ்டீரிங் வளையத்தைப் பிடித்து ஓட்டுகிறவளிடம் சொன்னது நேற்று ராத்திரி, அதுவும் சோற்றில் மோர் ஊற்றும்போது. போகட்டும் பவுனு, பதினோரு உசுரு, எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கு, என்றார். பவுன்தாய் மோர்ச்செம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை என்பதில்லை, வந்தால் நிற்காது என்று தெரியும்.

தலைமாட்டில் ரெண்டு டின். ஒன்று அவள் போடியில் வாங்கிய தொண்ணூறாம் நம்பர் ஆயில். இன்னொன்று தவசி அண்ணன் கையில் கொண்டுவந்து கொடுத்த நூற்றிநாற்பது. தொட்டே தீருவேன்னு நின்னா, அந்தத் தவசி குடுத்ததையாச்சும் ஊத்து, என்று கடைசியாக உள்ளிருந்து குரல் வந்தது. எதற்கு என்று பவுன்தாய்க்குத் தெரியாதா என்ன. நூற்றிநாற்பது கெட்டி எண்ணெய், பாகு பதத்துக்கு நிற்கும். பல் தேய்ந்த கிரவுன், வேகம் முப்பதைத் தாண்டினால் ஊஊ என்று இழுக்கும், கெட்டி எண்ணெய் ஊற்றினால் அந்தச் சத்தம் அமுங்கும். வாங்க வருகிறவன் ஓட்டிப்பார்த்துவிட்டு, ஆகா, வெண்ணெய் மாதிரி ஓடுது என்பான். ஆனால் விடியக்காலை மெட்டில் அடிக்கிற குளிரில் அந்தப் பாகு உறைந்து நிற்கும், போக வேண்டிய பேரிங்குக்குப் போய்ச் சேராது. வண்டியோடு வந்த புத்தகத்திலும் தொண்ணூறுதான் போட்டிருக்கிறது. விற்கிறவனுக்கு நூற்றிநாற்பது, ஓட்டுகிறவளுக்குத் தொண்ணூறு. நான் ஓட்டுகிறவள், என்று பவுன்தாய் ஜீப்பின் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். நாலு மணிக்கு அப்புறம் யார் ஓட்டினாலும் சரி, மூணே முக்கால் வரைக்கும் நான்தான். நூற்றிநாற்பதாம் நம்பர் டின்னைக் காலால் தள்ளினாள், அது உருண்டு போய்ச் சக்கரத்தில் முட்டி நின்றது.

கீழ் நட்டு இளகுவதற்குள் முழங்கை கடுத்துவிட்டது. கடுக்கட்டும். இந்த முழங்கைக்கு இதைவிடக் கேடு எல்லாம் நடந்திருக்கிறது. பத்தொன்பது வருஷம் பவுன்தாய் ஜீப்பின் பின்சீட்டில் காய் எடுக்கப் போனவள். எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் பதினாறு பேர், ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி விலாவில், தூக்குச்சட்டி மடியில், வளைவுக்கு வளைவு வாந்தி. எந்த டிரைவரும் திரும்பிப் பார்த்து, இருக்கியா செத்தியா என்று கேட்டதில்லை. ஆளை ஏற்றுகிறோம் என்ற நினைப்பே கிடையாது, மூட்டைதான். கல்யாணம் ஆகி டிரைவர் பொண்டாட்டி ஆன பிறகு முன்சீட்டுக் கிடைத்தது, அதுவும் காய் எடுக்கப் போவதற்குத்தான். இப்போது அவள் ஓட்டுகிறாள், பதினோரு பேருக்கு மேல் ஒரு ஆளை ஏற்றமாட்டாள், எஸ்டேட் கணக்குப்பிள்ளை தலைகீழாக நின்றாலும் ஏற்றமாட்டாள். வளைவில் வெள்ளைத்தாயிக்குக் குமட்டினால் ஓரம் கட்டி நிறுத்துவாள், கீழே இறங்கி முதுகைத் தடவிவிடுவாள். டீக்கடையில் அதற்கும் சிரித்தார்கள், பொம்பள ஜீப்பு வருது, ஒதுங்குங்கப்பா என்றார்கள். ஒதுங்கட்டும், அதுதானே வேண்டும். நாலு மணிக்கு இந்த ஜீப்பு போய்விட்டால் நாளையிலிருந்து பவுன்தாய் எவன் வண்டியிலோ பின்னால் ஏறி, எவள் முழங்காலோ விலாவில் குத்த, மூட்டையாகப் போக வேண்டும். பயம்தான். பயம் இல்லை என்று யார் சொன்னது. மெட்டில் பனி இறங்கி முன்னால் ரெண்டு முழம் தெரியாத நாளில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு அவள் ஒன்றுக்குப் போகாத குறைதான். அந்தப் பயம் வேறு, அது அவளுடையது, அதை வைத்துக்கொண்டு ஓட்டலாம். பின்சீட்டுப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்.

கீழ் நட்டு கழன்றது. பழைய அலுமினியச் சட்டியை நேராகத் தள்ளிவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கிரவுன் எண்ணெய் கந்தகமாக நாறும். சளசளவென்று கொட்டப்போகிறது, தண்ணீர் போயிருந்தால் பால் விட்ட காப்பி நிறத்தில் வரும், இல்லாவிட்டால் கறுப்பாக வரும். சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தால் ஓட்டையிலிருந்து என்னமோ கட்டி கட்டியாக எட்டிப் பார்க்கிறது. சொத் என்று ஒரு கட்டி விழுந்தது, கொஞ்சம் எண்ணெய், மறுபடி ஒரு கட்டி. கேப்பைக்களி மாதிரி இருந்தது. பல்லே உடைந்து கிடக்கிறதோ. உடைந்திருந்தால் காசிமாயன் சொன்னது சரி, வண்டி முடிந்தது, ராவுத்தரும் வேண்டாம் யாரும் வேண்டாம், எடைக்குப் போட வேண்டியதுதான். விரலை விட்டு ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். இரும்புத்தூள் என்றால் மினுங்கும், இது மினுங்கவில்லை. நார் நாராகப் பிரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு சின்னச் சுருள் இன்னும் முழுசாக எண்ணெய் ஊறாமல், வெளுப்பாக. மரத்தூள். இழைப்பில் விழுகிற தூளும் சுருளும், ரெண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

சத்தத்தை அமுக்க மரத்தூள் போடுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஜீப்புத் தரகர்கள் கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். தூள் எண்ணெயைக் குடித்து மெத்தையாகிப் பல்லுக்கு நடுவில் உட்காரும், கிரவுன் வாயை மூடிக்கொள்ளும், விற்கிற வரைக்கும் போதும். அப்புறம் எண்ணெய் போகிற வழியெல்லாம் அடைத்து, பேரிங்கு காய்ந்து, சூடேறி, எங்கே வேண்டுமானாலும் சக்கரம் இறுகி நிற்கும். எங்கே வேண்டுமானாலும் என்றால், மெட்டு இறக்கத்திலும். ஆறு நாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஏற்றமும் இறக்கமுமாகப் பன்னிரண்டு தடவை, பின்னால் பதினோரு பேர். போன ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள், பகல் முழுக்க வீட்டில் இல்லை. தவசியும் வர வேண்டிய விசேஷம்தான் அது, ஏன் வரவில்லை என்று பந்தியில் நாலு பேர் கேட்டார்கள், மில்லுல வேலையாம் என்று இவளே வாயால் சமாளித்தாள். மேல் நட்டு ஏன் ஒரே இழுப்பில் வந்தது. கைக்கு வலுவாம், பெருமையாம். செவ்வாய்க்கிழமை வெள்ளைத்தாய் கேட்டாளே, என்ன மதினி, ஜீப்பு ஊமையாயிருச்சு, என்று. அதற்கு இவள் என்ன சொன்னாள். என் கையி பழகிருச்சுடி, கியர் போடுற பக்குவம், என்றாள். பதினோரு பேரும் ஆமா ஆமா என்றார்கள். அந்த நினைப்பு வந்ததும் பவுன்தாய்க்கு ஜீப்புக்கு அடியிலேயே முகம் சுட்டது. தவசியை இப்போது நேரில் கண்டால் இந்தச் சட்டியோடு தலையில் கவிழ்த்துவிடுவாள். அவன் போட்ட கணக்குப் புரிந்தது. மதினி ஓட்டுவாள், அடியில் படுக்கமாட்டாள். எண்ணெய் மாற்றுவதெல்லாம் இன்னமும் அண்ணன் தடவித் தடவிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், கூறுகெட்டவன்.

சரி, தவசி போட்டான். அவருக்குத் தெரியுமா. அங்கேதான் புத்தி போய்ப் போய் மாட்டியது, எப்படித் திருப்பினாலும் அங்கேயே வந்து நின்றது. தெரியாமல் இருக்கலாம். தம்பி ஏமாற்றியிருக்கலாம். கண் தெரியாத மனுஷன், சர்க்கரை ரெண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது, வாசலில் எவன் என்ன செய்தான் என்று அவர் எப்படிப் பார்ப்பார். பார்க்க வேண்டாம், கேட்டிருப்பாரே. அந்தக் காது என்ன லேசுப்பட்ட காதா. அடுப்படியில் கடுகு சிந்தினால் வாசலில் இருந்து சொல்வார். தினமும் சாயங்காலம் அவள் ஜீப்பைத் தெருமுனையில் திருப்பும்போதே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அவள் இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள், பாடுது, என்பார். கிரவுனைச் சொல்கிறார். தண்ணி குடு, பசிக்குது, என்ன லேட்டு, எல்லாம் அதற்கு அப்புறம்தான். மூணு வருஷம் ஒரு நாள் தவறாமல் பாடுது, பாடுது. அவளுக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது, ஓட்டிட்டு வந்தவ எப்படியிருக்கான்னு கேக்காம இரும்பு எப்படியிருக்குன்னு கேக்குறாரு, என்று வெள்ளைத்தாயிடம் குறைப்பட்டிருக்கிறாள். போன திங்கட்கிழமை சாயங்காலம் அவர் பாடுது என்று சொல்லவில்லை. பாடலை என்றும் சொல்லவில்லை. செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை. ஆறு நாள் அந்த வாய் அதைப் பற்றித் திறக்கவே இல்லை. இவள் அதைக் கவனித்தாளா. கவனித்தாள். சுகமாக இருந்தது. வந்ததும் வராததுமாகச் சொம்புத் தண்ணீரை அவரே தடவி எடுத்து நீட்டினார், மனுஷன் மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள். அந்தத் தண்ணீர் இப்போது நெஞ்சில் நின்று கரித்தது.

என்னய கொன்னாக்கூடப் பரவாயில்ல, பதினோரு பேரு, என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன மாத்திரத்தில் உள்ளுக்குள் இன்னொருத்தி, நீ மட்டும் என்ன, என்றாள். நீ மட்டும் என்ன பவுனு. மூணு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியை எங்கே கொண்டுபோய் ஒளிக்கப்போகிறாய். அப்போது காசிமாயன் ஓட்டிக்கொண்டிருந்தார், அவள் முன்சீட்டில் இருந்தாள். வீட்டில் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார், இவள் துடைத்தாள், கேட்கவில்லை. சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினார், திருத்திப் போட்டுவிட்டாள், கேட்கவில்லை. ரோட்டில் அவர் வேகம் குறைந்தது, வளைவை எண்ணி எண்ணித் திருப்பினார், எதிரே வருகிற லாரியைக் காதால்தான் பார்த்தார். இவள் என்ன செய்தாள். சும்மா பேசிக்கொண்டு வருகிறவள் மாதிரி, அந்தா மாடு நிக்கிது, என்றாள். பஸ்ஸு வருதுங்க, லைட்டப் போட்டுக்கிட்டு வர்றான் பாருங்க, என்றாள். நாற்பது நாள் அப்படி. பின்னால் பதினாலு பேர் இருந்தார்கள், ஒருத்திக்கும் தெரியாது, இவர்கள் ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. நாற்பத்தோராம் நாள் வெள்ளையடித்த ஓரக்கல்லை ரோடு என்று நினைத்து அவர் நேராகப் போனார், பவுன்தாய் பாய்ந்து வளையத்தைப் பிடித்துத் திருப்பினாள். முன் சக்கரம் ஒரு சாண் வெளியே நின்றது. பின்னால் இருந்தவர்கள் புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் இறங்கி, சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு, நீயே வச்சுக்க, என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அதைப் பற்றி இன்றுவரை கிடையாது. ஆக, வாயை மூடிக்கொள்வது இந்த வீட்டுக்குப் புதுசு இல்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது, அதற்காக மிச்சப் பாதி குறையவும் இல்லை.

சரி. போதும். இந்தக் குடும்பத்தில் ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை வாயை மூடியாயிற்று. மூணாவது தடவை கிடையாது. பவுன்தாய் எழுந்து போய் டீசல் கேனை எடுத்துவந்தாள், ஜாக்கி போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கினாள். டியூபை மேல் ஓட்டையில் செருகிப் புனலை உயரப் பிடித்து ஊற்றினாள், கீழ் நட்டைப் பூட்டிச் சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றினாள், திறந்துவிட்டாள். தூளும் குழம்புமாக வந்தது. மறுபடி ஊற்றினாள். மறுபடி சுற்றினாள். நாலாம் தடவை டீசல் டீசலாகவே வந்தது. வீட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. டீசல் ஊற்றுகிறாள், ஒருதடவை இல்லை நாலு தடவை, அதுவும் அந்தக் காதுக்குத் தெரியும், அதனால்தான் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும். மேல் ஓட்டையில் ஆள்காட்டி விரலை முழுசாக விட்டாள். சக்கரத்தை ஒரு கையால் மெதுவாகச் சுற்றி நிறுத்தி, பல்லைத் தடவினாள். சுற்றினாள், நிறுத்தினாள், தடவினாள். ஒவ்வொரு பல்லும் விரலுக்குத் தட்டுப்பட்டது, ஓரம் தேய்ந்திருந்தது, ஆனால் மூளி இல்லை. ஒன்றும் உடையவில்லை. பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. எட்டாவது தடவை தடவும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியவில்லை. இருக்கியா, என்றாள் கிரவுனிடம். எல்லாப் பல்லும் இருக்குடி உனக்கு. ஜாக்கியை இறக்கி ஜீப்பை மட்டத்துக்குக் கொண்டுவந்தாள், சரிவாக நின்றால் எண்ணெய் அளவு பொய் சொல்லும். தொண்ணூறாம் நம்பரை ஊற்றினாள், சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்கினால் நுனியில் எண்ணெய் படுகிற வரைக்கும். மேல் நட்டைக் கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கி, காலை வைத்து ஒரு மிதி மிதித்தாள். இனிமேல் இதை எவன் கழற்றினாலும் தெருவுக்கே தெரிய வேண்டும்.

சட்டியை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் நின்றாள். சாக்கடையில் கொட்டினால் முடிந்தது, ராவுத்தருக்குத் தெரியாது, காசிமாயனுக்குத் தலைகுனிவு இல்லை. கண் போன மனுஷனை வெளியூர்க்காரன் முன்னால் நிறுத்த வேண்டுமா. மனசு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தது. மெட்டு இறக்கத்தில் பதினோரு தலை ஆடுகிறது தெரிந்தது, அந்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, தவசி முன்னால் ஓட்டிவர, பின்னால் வெள்ளைச் சட்டையில் பெரியவர். தவசி இறங்கியதும் சட்டியைத்தான் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"மதினி," என்று கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான், "அத உள்ள எடுத்துட்டுப் போங்க. அப்புறம் பேசிக்கிருவோம்."

"எதுக்கு உள்ள. இங்கயே பேசிக்கிருவோம் தம்பி." விருந்தாளிக்குக் காப்பி வைக்கிற ஸ்டூல் மேலெல்லாம் புங்க இலை உதிர்ந்து மரத்தடியில் கிடந்தது. பவுன்தாய் முந்தானையால் அதைத் துடைத்து, சட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். "வாங்க பாய். இதப் பாத்துட்டு அப்புறம் வண்டியப் பாருங்க."

ராவுத்தர் குனிந்தார். விரலைத் தோய்த்துத் தேய்த்தார். அவருக்கும் அந்த விரலை வெளிச்சத்தில் பிடிக்கத் தெரிந்திருந்தது. "மரத்தூளு," என்றார். "யாரு வேலைம்மா இது?"

"எங்க வீட்டு வேலைதான் பாய்."

காசிமாயன் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ராவுத்தர் அவரைப் பார்த்தார், தவசியைப் பார்த்தார், தவசி மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத நான் ரெண்டு டிரைவருங்ககிட்ட குடுத்து டூரிஸ்டு ஏத்தலாம்னு இருந்தேன்," என்றார் ராவுத்தர். "குழந்தை குட்டியா வருவாங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பல்லு?"

"முழுசா இருக்கு. விரல விட்டுப் பாத்தேன். நாலு தடவ டீசல் விட்டுக் கழுவி, தொண்ணூறு ஊத்தியிருக்கேன். இனிமே பாடும். நாலு வருஷமாப் பாடுது."

"பாடுனாப் பாடட்டும்," என்றார் ராவுத்தர். "இப்படி மறைக்காமச் சொல்ற கையிலிருந்து வர்ற வண்டிய எடுக்க எனக்குச் சம்மதந்தான். கிரவுன நான் புதுசு போட்டுக்கிறேன்."

தவசி நிமிர்ந்தான். உண்மையைச் சொன்னால் ராவுத்தர் ஓடிவிடுவார் என்று அல்லவா பவுன்தாய் நினைத்தாள். உண்மை விலையாகிவிட்டது. இனி அதன் பின்னால் ஒளிய முடியாது, நேராகத்தான் நிற்க வேண்டும்.

"இல்ல பாய். விக்கலை."

"ஆர்.சி. புக்கு?"

"அவரு பேருலதான் இருக்கு." பவுன்தாய் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "கையெழுத்து ஒங்களது. போடுறதுன்னாப் போடுங்க, நான் தடுக்கலை. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திங்கக்கிழமயிலிருந்து ஆறு நாளு. ஒங்க காதுல விழுந்துச்சா, விழலையா?"

காசிமாயன் கை சுவரை இன்னும் விடவில்லை. "அண்ணே, அதுக்கென்ன இப்ப," என்று தவசி ஆரம்பித்தான், அவர் கையை உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டான்.

"விழுந்துச்சு," என்றார். "திங்கக்கிழமயே விழுந்துச்சு. சொன்னா நீ தெறந்து பாத்திருவ. வித்துட்டா நீ மெட்டுக்கே போக வேணாம்னு... தெனமும் நீ வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல பவுனு. ஓடையிலயும் எறங்கியிருக்க." ராவுத்தர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "பாய், மன்னிச்சிக்கங்க. ஒங்கள அலையவிட்டுட்டோம்."

ராவுத்தர் போய்ச் சேர்ந்தார். போகும்போது பவுன்தாயிடம், கிரவுன் போடணும்னா சொல்லியனுப்பும்மா, கம்பத்துல நல்ல மெக்கானிக்கு இருக்காரு, என்றார். தவசி அவரைக் கொண்டுபோய்விடுகிற சாக்கில் தப்பித்தான், அவனுக்கு வைத்தது தனியாக இருக்கிறது. வாசலில் ரெண்டு பேர்தான். உசுரு இல்லையாம். ஆறு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், சொல்ல மட்டும் மாட்டாராம். அழலாமா திட்டலாமா என்று பவுன்தாய்க்குத் தெரியவில்லை, ரெண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கழுவினாள். கந்தகநாற்றம் போகவில்லை.

"ஏறுங்க," என்றாள்.

"எங்க?"

"முன்சீட்டுல. தெருமுனை வரைக்கும். நாளைக்கி நாலரைக்கு எந்திரிச்சிருங்க, மெட்டுக்கும் நீங்க வர்றீங்க. சத்தம் மாறுனா சொல்லணும். மாறுன அன்னிக்கே சொல்லணும்."

"கண்ணு தெரியாதவன முன்னாடி உக்கார வச்சுக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்."

"அது தெனமும் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கு. ஏறுங்க."

அவர் தடவித் தடவி ஏறினார், மூணு வருஷத்துக்கு அப்புறம், அவள் இருந்த பக்கத்தில். அவள் கிளப்பினாள். முதல் கியர், ரெண்டாவது, தெரு நீளத்துக்கு மூணாவது. முள் முப்பதைத் தொட்டது, தாண்டியது, பின்னால் அடிவயிற்றிலிருந்து மெல்ல எழுந்து, வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஊஊ என்று இழுத்தது. காசிமாயன் தலையைச் சாய்த்துக் கேட்டார். பவுன்தாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாடுது," என்றார்.

"கேக்கல," என்றாள் பவுன்தாய்.

அவர் இன்னும் உரக்கச் சொன்னார்.